ஏற்காட்டு மலையில் ஓட்டிப் பார்த்த சைக்கிளுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

கேள்வி:

வணக்கம் சார். சேலம் அம்மாப்பேட்டையில் லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 38, ஐ.டி.ஐ. படிப்பு. என் மச்சான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஜீப் போகாத பாதையில் மிளகு மூட்டையை சைக்கிள் கேரியரில் வைத்துப் பாதி தூரம் தள்ளிக்கொண்டும் பாதி தூரம் ஓட்டிக்கொண்டும் வருவார்கள். கல் பாதையில் மூட்டை குதித்துக் குதித்து ரிம் கோணுகிறது, ஸ்போக்ஸ் அறுகிறது. அதற்காகப் பழைய 22 இன்ச் சைக்கிளின் பின்பக்கத்தை அறுத்து, லாரி ரப்பர் புஷ் வைத்து ஒரு சஸ்பென்ஷன் செய்தேன். கேரியரில் பாரம் ஏற ஏற அது தானாக இறுகும், இறக்கினால் இளகிவிடும். எதையும் திருகத் தேவையில்லை. எப்படி என்று தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். போன தீபாவளி முடிந்ததிலிருந்து மலையில் ஓட்டிப் பார்க்கிறோம். மே மாதம் கோடை விழா சமயத்தில் அக்கா பையன் என்னைக் கேட்காமலேயே வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டுவிட்டான். எஸ்டேட் ஆள் ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று ரூ.5,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். தெரிந்த கல்லூரி விரிவுரையாளர் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுத் தருகிறேன், பேட்டன்டில் என்னையும் கண்டுபிடிப்பாளர் என்று போடுங்கள் என்கிறார். இன்னொருவரோ, சஸ்பென்ஷன் சைக்கிள் எந்தக் காலத்திலோ வந்துவிட்டது, உனக்கு எங்கே பேட்டன்ட் கிடைக்கும் என்கிறார். நான் என்ன செய்வது? எவ்வளவு செலவாகும்?

பதில்:

தம்பி, முதலில் அந்தத் தனித்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் நீங்கள் வரைந்திருந்த அமைப்பை இங்கே ஒரு வரிகூட அச்சிடவில்லை. அச்சிட்டால் உங்கள் கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தாளை உறையிலிட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் உங்களுக்கே அனுப்பிவிட்டேன். இனி விண்ணப்பம் போடும்வரை அதை ஒரு காப்புரிமை முகவருக்குத் (பேட்டன்ட் விண்ணப்பத்தை எழுதித் தருபவருக்கு) தவிர யாருக்கும் காட்டாதீர்கள். விரிவுரையாளருக்கும் இப்போதைக்கு வேண்டாம். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

உங்கள் கேள்விகளிலேயே அவசரமானது நீங்கள் கேட்காத ஒன்று. எந்தத் தேதியில் அந்த சைக்கிள் முதன்முதலாகப் பொதுப்பாதையில் ஓடியது? நம் நாட்டுச் சட்டத்தில், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்ட பொருளுக்கு பேட்டன்ட் கிடையாது. தெரியப்படுத்தியது நீங்களே என்றாலும் கிடையாது. ஆனால் சைக்கிள் சஸ்பென்ஷனைப் பட்டறைக்குள் வைத்துச் சோதிக்க முடியாது, கல்லும் சரிவும் உள்ள பாதைதான் வேண்டும். இதை உணர்ந்துதான் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 32வது பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. நியாயமான சோதனைக்காக மட்டும், பொது இடத்தில்தான் சோதித்தாக வேண்டும் என்ற தேவையால் ஓட்டியிருந்தால், ஓட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். அந்த ஓட்டத்தை மட்டுமே காரணம் காட்டி விண்ணப்பத்தை மறுக்க முடியாது. நீங்கள் ஆரம்பித்தது போன தீபாவளிக்குப் பிறகு. அதனால் இந்தத் தீபாவளி வரை காத்திருக்கலாம் என்று எண்ண வேண்டாம். இந்த மாதமே போடுங்கள்.

‘சோதனைக்காக மட்டும்’ என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். மச்சான் மூட்டை ஏற்றி வந்ததற்குச் சைக்கிள் வாடகை என்று ஏதாவது வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அதைச் சோதனை என்று வாதாடுவது கடினம். முகவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பாதையில், எத்தனை கிலோ ஏற்றி, என்ன ஒடிந்தது, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டுதான் உங்களுக்குப் பெரிய துணை. இல்லையென்றால் இன்று இரவே நினைவிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். அட்வான்ஸ் கொடுத்தவருக்கும் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.

அக்கா பையன் போட்ட ரீல்ஸைப் பார்த்தேன். சைக்கிள் ஓடுவதும் மூட்டை குதிக்காமல் வருவதும் தெரிகிறது. உள்ளே இருக்கும் வேலை சாக்குக்கும் மட்கார்டுக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. இந்த வேலை தெரிந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இதே மாதிரி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களிடமிருந்து கிடைத்த விஷயத்தை உங்கள் சம்மதமில்லாமல் ஒருவர் வெளியிட்டால் அதற்கும் 29வது பிரிவில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் தெரிந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மே மாதமே உங்களுக்குத் தெரியும். இதுவும் உங்களை அவசரப்படுத்துகிறது. வீடியோவை எடுக்கச் சொல்லிவிடுங்கள். எடுத்துவிட்டதால் போட்டது போடாததாகிவிடாது, இனிமேல் பார்ப்பவர்கள் குறைவார்கள், அவ்வளவுதான். பையனைத் திட்டாதீர்கள், மாமா செய்த சைக்கிளைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறான்.

சரி, ‘சஸ்பென்ஷன் சைக்கிள் எந்தக் காலத்திலோ வந்துவிட்டது’ என்று சொன்னவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை வைத்து அவர் வந்த முடிவு தவறு. நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான்.

ரப்பரை ஸ்பிரிங்காக வைத்த சைக்கிளை இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதனால் ‘ரப்பர் வைத்த சைக்கிள்’ என்று நீங்கள் உரிமை கோர முடியாது. பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு கீலில் மேலும் கீழும் அசைவதும் பழசு. பாரம் எவ்வளவு ஏறினாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கும் ஏற்பாட்டை பிரான்சின் சித்ரோயன் கம்பெனி 1955இல் தன் டி.எஸ். காரில் எண்ணெயும் வாயுவும் வைத்துச் செய்துவிட்டது. அதனால் ‘பாரத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன்’ என்ற எண்ணத்துக்கும் நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாது. அஸ்ஸாமைச் சேர்ந்த கனக் தாஸ் மேடு பள்ளத்தில் அமுங்கும் ஸ்பிரிங்கின் விசையைப் பின்சக்கரத்துக்கே கொடுக்கும் சைக்கிளைச் செய்திருக்கிறார். உங்களைப் போல மோசமான சாலையில் அவதிப்பட்டு யோசித்தவர்தான். அவர் செய்ததையும் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எடுத்துப் பார்ப்பார்.

இத்தனையையும் கழித்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது என்ன? கேரியரில் ஏறும் பாரம் எந்த வழியாக, எந்த உறுப்பைத் தள்ளி, ரப்பரை இறுக வைக்கிறது என்ற அந்த ஒரு ஏற்பாடு. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. உங்கள் கண்டுபிடிப்பு அதுதான். முழுச் சைக்கிளும் உங்கள் கைவேலை, ஆனால் பேட்டன்ட் கேட்க வேண்டியது அந்த உள்ளங்கையளவு இடத்துக்கு.

இவ்வளவு சின்னதா என்று மனம் தளர வேண்டாம். மலைச் சைக்கிள் உலகில் ஹார்ஸ்ட் லைட்னர் என்பவரின் பெயரால் ‘ஹார்ஸ்ட் லிங்க்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பின்சக்கர ஆக்சிலுக்குச் சற்று முன்னால், பெடல் பக்கமிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாயில் ஒரு கீல். கீல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அதில் விஷயம். அந்த இடத்தில் கீல் இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் பின்சக்கரம் தாராளமாக அசையும். அதற்கான பேட்டன்டை ஸ்பெஷலைஸ்ட் என்ற சைக்கிள் நிறுவனம் விலை கொடுத்து வாங்கி, 2013இல் காலாவதியாகும்வரை அமெரிக்கச் சந்தையில் மற்றவர்களைத் தள்ளி நிறுத்தியது. ஒரு கீலின் இடத்துக்கு அத்தனை மதிப்பு.

டன்லப் கதை இதைவிட நமக்கு நெருக்கம். அவர் காற்றடைத்த டயருக்கு 1888இல் பேட்டன்ட் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே அதே எண்ணத்துக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தது பிறகு தெரியவந்தது. டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனால் கம்பெனி மூழ்கவில்லை. டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் முறைக்கு வெல்ச், பார்ட்லெட் என்ற வேறு இருவர் வாங்கியிருந்த பேட்டன்ட்கள் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. பெரிய எண்ணம் கைவிட்டபோது, டயர் கழன்று விழாமல் பிடிக்கும் சின்ன ஏற்பாடுகள் காப்பாற்றின.

அதனால் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடல் தளம் இலவசம், கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். சைக்கிளின் ஆக்சில் சஸ்பென்ஷனுக்கு உலகம் முழுக்க ஒரே வகை எண் வைத்திருக்கிறார்கள்: பி62கே 25 (B62K 25). அந்த எண்ணைப் போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். ஆங்கிலம் கடினமாக இருந்தால் எழுத்தை விட்டுவிடுங்கள், படங்களைப் பாருங்கள். கடைசல் வேலைக்கு டிராயிங் படித்துப் பழகிய கண் உங்களுடையது. எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று வக்கீலைவிட உங்களுக்குச் சீக்கிரம் புரியும். நான்கு மாலை உட்கார்ந்தால் போதும். உங்களுடையதுக்கு மிக நெருக்கமாக வரும் ஐந்து படங்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

வேறுபட்டால் மட்டும் போதாது. தெரிந்த பொருள்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது சட்டத்தின் 3வது பிரிவு. கேரியரும் ரப்பரும் கீலும் ஒன்றோடொன்று சேர்ந்து முன்பு இல்லாத ஒரு விளைவைத் தருகின்றன என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு அளவு வேண்டும். பாரமில்லாமல், 20 கிலோவில், 40 கிலோவில், 60 கிலோவில் சீட் உயரம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். இதே ரப்பரை உங்கள் ஏற்பாடு இல்லாமல் வைத்தும் அளந்து எழுதுங்கள். இந்த இரண்டு வரிசை எண்களும் நான் எழுதும் பத்துப் பக்க வாதத்தைவிட வலுவானவை.

அப்புறம் விண்ணப்பம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல் தாள்களைப் போட்டு நாளைப் பிடித்துக்கொள்ளலாம், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தற்காலிகம்தானே என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிடுவார்கள். அதில் சொல்லாத ஒன்றை முழு விவரக்குறிப்பில் சேர்த்தால் அந்தப் பகுதிக்கு முதல் தேதி கிடைக்காது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு விசைத்தறி மெக்கானிக்குக்கு இதுதான் நடந்தது. வேறொருவர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தில், எது அவருடைய புதுமையோ அதுவே இல்லை. நடுவில் தறியைக் கண்காட்சியில் வைத்துவிட்டார். என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. இன்றும் அது என் மனதை அறுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தற்காலிகத்தையே முழுசாக எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? காப்பியடிக்க நினைப்பவனின் இடத்தில் நீங்களே உட்காருங்கள். உங்கள் சைக்கிளைப் பார்த்துவிட்டு, சண்டை வராமல் அதே பலனை எடுக்க நீங்கள் எதை மாற்றுவீர்கள்? ரப்பருக்குப் பதில் கம்பிச் சுருள் வைப்பீர்களா, கேரியருக்குப் பதில் சீட்டின் பாரத்தை எடுப்பீர்களா, நெம்புகோலுக்குப் பதில் ஆப்பு வைப்பீர்களா? தோன்றும் ஒவ்வொன்றையும் வரைந்து உள்ளே சேருங்கள். நேற்று பட்டறையில் செய்த அளவுகளை மட்டும் எழுதிவிட்டால், நாளை ஒருவன் 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்துத் தப்பித்துவிடுவான். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். ஆனாலும் நீங்கள் தமிழிலேயே, பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றுவது முகவரின் வேலை.

விரிவுரையாளர் விஷயம். நீங்கள் கொடுத்த அமைப்பைக் கம்ப்யூட்டரில் வரைபவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்கலாம், நன்றி சொல்லலாம். அவர், ‘இந்தக் கீலை இங்கே வைத்தால் மிதிக்கும்போது சீட் துள்ளாது’ என்று ஒரு வழி சொல்லி அது உரிமைக்கோரலுக்குள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதிக்குள்) வந்தால், அந்தப் பகுதிக்கு அவரும் கண்டுபிடிப்பாளர்தான். அப்போது பெயர் போடாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது மட்டும் வேண்டாம். இருவரும் விண்ணப்பதாரர் ஆகிவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 50வது பிரிவின்படி பாதிப் பாதி. அவர் தானே சைக்கிள் செய்து விற்கலாம், உங்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்க நினைத்தால் அவர் சம்மதம் வேண்டும். அவர் கல்லூரியும் தன் விதிப்படி உரிமை கேட்கலாம். எனவே முதலில் விண்ணப்பம், பிறகு இரகசியம் காப்பதாக ஒரு பக்க ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து, அதன் பிறகு டிராயிங். நல்ல மனிதராக இருந்தால் இதில் அவருக்கு வருத்தம் இருக்காது.

செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி அலுவலகத்தைக் கேட்பதற்கு ரூ.4,000, அதை விண்ணப்பித்த நாளிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்டால் போதும். உரிமை கிடைத்த பிறகு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும்; விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாவது வருடம் முதல் அது உண்டு, தொடக்கத்தில் வருடத்துக்கு ரூ.800. மொத்தம் 20 வருடம், விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு. முகவரின் கூலிதான் இதிலெல்லாம் பெரிய தொகை, அதை முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால் காந்திநகரில் இருக்கும் தேசியப் புதுமைகாண் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பட்டம் படிக்காத, தானாகவே செய்து பார்த்தவர்களுக்கு பேட்டன்ட் எடுக்க உதவுவதற்காகவே அரசு அதை நடத்துகிறது. நமக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எல்லாம் இணையத்தில் நடப்பதால் நீங்கள் அங்கே போய் நிற்கத் தேவையில்லை.

‘உலக பேட்டன்ட்’ என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. நாட்டுக்கு நாடு தனித்தனி. இந்தியாவில் போட்ட 12 மாதத்துக்குள் வெளிநாட்டில் போட்டால் இந்தத் தேதியே அங்கும் செல்லும். ஆனால் நம் 32வது பிரிவின் சலுகை ஐரோப்பாவில் கிடையாது, உங்கள் சைக்கிளோ ஏற்கெனவே பாதையில் ஓடியிருக்கிறது. என் கருத்து, வெளிநாட்டை விட்டுவிடுங்கள். மூட்டை சுமக்கும் சைக்கிள் நம் மலைகளில்தான் தேவைப்படுகிறது. ஏற்காட்டில் ஓடினால் கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் ஓடும்.

பேட்டன்ட் என்பது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை மட்டுமே. யாராவது காப்பியடித்தால் நீதிமன்றம் போக வேண்டியது நீங்கள்தான், அரசு வந்து தடுக்காது. அதனால் தற்காலிக விண்ணப்பத்துக்குப் பின் கிடைக்கும் 12 மாதத்தை வெறுமனே கழிக்காதீர்கள். பத்து சைக்கிள் செய்து பத்து எஸ்டேட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். கேட்டு வருபவர்கள் இருந்தால் முழு விவரக்குறிப்புக்குச் செலவழியுங்கள். யாரும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், போனது ரூ.1,600ம் முகவர் கூலியும்தான். முழு விவரக்குறிப்பு கொடுக்காத விண்ணப்பத்தை அலுவலகம் வெளியிடுவதும் இல்லை.

கடைசியாக ஒன்று, இது சட்டம் அல்ல, இயந்திரவியல் படித்தவன் என்ற முறையில் சொல்வது. படத்தில் பின் பிரேக்கை அசையும் கையில் பொருத்தியிருக்கிறீர்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். 60 கிலோவோடு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பிரேக் இழுக்கும் விசை முழுவதும் கீல் பக்கத்து வெல்டிங்கில்தான் போய் நிற்கும். அந்த இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். முடியளவு விரிசல் இருந்தாலும் சுண்ணாம்பில் எண்ணெய்க் கோடு தெரியும். மச்சான் அடுத்த முறை மூட்டை ஏற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கோடு தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு தகடு சேர்த்து வெல்டிங் வையுங்கள். அதையும் படத்தில் வரைந்து விண்ணப்பத்துக்குள் சேருங்கள்.